நாட்டுப் பெயர் எழுதும் கட்டம்

ஹர்கெய்சா
12 செப்டம்பர் 1999

தம்பி குலீத்துக்கு, அக்கா கல்தூன் சலாம் சொல்லி எழுதுவது.

அங்கே சமாதானமா? அந்தத் தீவின் ஈரக்காற்று உன் மூச்சிரைப்புக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே சமாதானம். மழை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒட்டகங்களிடம் பால் இருக்கிறது. உன் மனைவி எப்யானும் பிள்ளைகளும் நலம்.

நேற்று வானொலியில் உன் பெயர் வந்தது. "லுமாயாத் தீவுக் குடியரசில் சோமாலிலாந்தின் பிரதிநிதி, அந்நாட்டு அதிகாரிகளுடன் இணக்கமாகப் பேச்சு நடத்தினார்" என்றார்கள். ஆட்டுச் சந்தையே திரண்டு வந்து எனக்கு வாழ்த்துச் சொன்னது. எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் நான் வியாபாரி. இணக்கமாகப் பேசினார்கள் என்றால் பேரம் படியவில்லை என்றுதான் என் காதில் விழுகிறது. உண்மையைச் சொல். உன்னை உட்கார வைத்துப் பேசினார்களா, நிற்க வைத்தா?

இன்னொரு விஷயம். உன் தீவிலிருந்து பக்காரி என்ற ஆட்டு வியாபாரி கூப்பிட்டார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கப்பல் நிறைய நம் கருந்தலை ஆடுகள் வேண்டுமாம். விலை படிந்துவிட்டது. சான்றிதழ்தான் இடிக்கிறது. "சோமாலியா முத்திரை போட்டு அனுப்புங்கம்மா, யார் போட்டதுன்னு இங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்கிறார். அந்த முத்திரையை எல்லைக்கு அப்பால் ஜிபூத்தியில் ஒருவன் வைத்துக்கொண்டு கடையில் சோப்பு விற்பதுபோல விற்கிறான். அந்த அரசாங்கம் விழுந்து, நாம் தனி நாடாகப் பிரிந்து எட்டு வருஷம் ஆகிறது. முத்திரைக்கு மட்டும் உயிர் இருக்கிறது. நமக்கு அரசாங்கம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, ஆட்டின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் மருத்துவர் இருக்கிறார். நம் முத்திரையைத்தான் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள். எந்த முத்திரை போட்ட விமானங்கள் குண்டு வீசி நம் வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயின என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் முத்திரையோடுதான் அனுப்புவேன், இல்லையென்றால் வேண்டாம் என்று பக்காரியிடம் சொல்லிவிட்டேன்.

அங்கீகாரம், தூதரகம் எல்லாம் மெதுவாக வரட்டும். நீ முதலில் இந்த ஆட்டுச் சான்றிதழை ஏற்க வை.

போனில் சொல்லியிருக்கலாம். போன் கடையில் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் நம் பேச்சுக்குப் பதில் சொல்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். லாரிக்காரர் இதை ஜிபூத்தியில் தபாலில் போடுவார். நம் தபால்தலை ஒட்டினால் எல்லை தாண்டாது என்று உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா கல்தூன்


லுமாயா
9 அக்டோபர் 1999

மரியாதைக்குரிய அக்காவுக்கு, குலீத்தின் சலாம்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை தேய்த்ததாக எப்யானிடம் சொல்லிவிடுகிறீர்களா? எனக்கு மூச்சிரைப்பு பரவாயில்லை. மீன் வாடைதான் பழகவில்லை.

நிற்க வைத்தும் பேசவில்லை, உட்கார வைத்தும் பேசவில்லை. நான் இன்னும் இவர்களின் வெளியுறவு அமைச்சகத்துக்குள் போகவே இல்லை. வாசலில் ஒரு பதிவேடு இருக்கிறது, உள்ளே போகிறவர்கள் நாட்டுப் பெயர் எழுத வேண்டும். "சோமாலிலாந்து" என்று எழுதினேன். காவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு நாடு இதுல இல்லையே சார், வேற ஏதாவது எழுதுங்களேன்" என்றார். என்னவோ சட்டை அளவு கேட்பதைப் போல. திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அமைச்சகத்தின் செயலாளர் சுபைரி என்னை எதிர்த் தெருத் தேநீர்க் கடையில்தான் சந்திக்கிறார். நல்ல மனிதர். வானொலி சொன்ன பேச்சு அங்கேதான் நடந்தது.

ஆடு விஷயம் வேண்டாம் அக்கா. அங்கீகாரக் கடிதம் வாங்க என்று அனுப்பப்பட்டவன் நான். ஆட்டுக்குப் பரிந்து பேசினால் என்னைத் தரகன் என்று நினைப்பார்கள்.

எனக்காக இறைவனிடம் துஆ செய்யுங்கள்.
தம்பி குலீத்


ஹர்கெய்சா
2 நவம்பர் 1999

தம்பிக்குச் சலாம். முழங்கால் என்னோடுதான் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்தது, ஆடுகள் உருண்டு திரண்டு நிற்கின்றன.

தரகன் என்றால் கேவலமா உனக்கு? உன்னைப் படிக்க வைத்தது சந்தையில் என் தரகர் ரோப்ளேயின் கை. துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து, பேச்சில்லாமல் பேரம் முடிப்பவர். பெண்ணான நான் அந்நிய ஆளின் கையைப் பிடிக்க முடியாது என்பதால் அவர் கைதான் எனக்குக் கை. நான் பக்கத்தில் உட்கார்ந்து எதிராளியின் கண்ணைப் பார்ப்பேன். நீ உன் சுபைரியின் கண்ணைப் பார்த்தாயா? மாதக்கணக்கில் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு விலை சொல்லாதவன் வாங்க வந்தவன் இல்லை. பொழுதுபோக்க வந்தவன்.

உன் கடிதத்தை ரோப்ளேயிடம் படித்துக் காட்டினேன். "அமைச்சகத்துக்கே தேநீர்க் கடைதான் கதின்னா நம்ம பய பரவாயில்ல, கல்லாப் பக்கத்துல உக்காந்திருக்கான்" என்று சிரிக்கிறார்.

அவனிடம் பெரிய பொருளைக் கேட்காதே. சின்னதைக் கேள். "எங்க ஆட்டை எங்க சான்றிதழோட இறக்குவீங்களா?" என்று கேள். அதற்கு அவன் அதிபரிடம் போக வேண்டியதில்லை. இறக்கிவிட்டால், நம் அரசின் ஒரு தாளை வெளிநாடு ஒன்று முதல்முறையாகக் கையில் வாங்கியதாக ஆகிவிடும். அப்புறம் நீ தூதரகம் கேள், மாளிகை கேள்.

நெய்யில் பொரித்த ஒட்டகக் கறி ஒரு டின் அனுப்புகிறேன். மீனைச் சாப்பிட்டு இளைத்துவிடாதே.

கல்தூன்


லுமாயா
11 டிசம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்குச் சலாம். ரமலான் நல்லபடியாகத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். கறி வந்து சேர்ந்தது. முதல் வாய் வைத்தபோது வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது.

கேட்டேன் அக்கா. நோன்பு திறந்த பிறகு நானும் சுபைரியும் கடற்கரைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் சொன்னபடியே கேட்டேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "உங்க சான்றிதழோடயே அனுப்புங்க, பார்த்துக்கலாம்" என்று கை நீட்டினார். நான் கையைப் பிடித்தேன். பழக்கதோஷம், என் தோள் துண்டை எடுத்து இரண்டு கைமேலும் போட்டுவிட்டேன். அவர் திகைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஆனால் கையை உருவவில்லை. ஓர் அழுத்து அழுத்தினார்.

நம் சந்தையில் துண்டுக்கு அடியில் கொடுத்த விரலை யாரும் திரும்ப வாங்கியதில்லை. கப்பலுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


ஹர்கெய்சா
6 ஜனவரி 2000

தம்பிக்குச் சலாம். பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்தாயிற்று. உன் மகள் உன்னைப் போலவே வாய் பேசுகிறாள்.

உன் கடிதத்தை ரோப்ளே மூன்று முறை படிக்கச் சொன்னார். "அழுத்தினாரா? அப்ப முடிஞ்சது பேரம்" என்று எழுந்து ஆடினார். எனக்கும் நெஞ்சுக்குள் ஆட்டம்தான். ஆனாலும் கேட்கிறேன், துண்டு எதற்கென்று அந்த மனிதனுக்குத் தெரியுமா? "பார்த்துக்கலாம்" என்பது ஒரு விலையா? இரண்டு வரி எழுதி வாங்கு. பதில் வந்ததும் ஏற்றுகிறேன். சீக்கிரம் எழுது, மழை போய்விட்டது. நிற்க நிற்க ஆடு இளைக்கும்.

அக்கா


பெர்பெரா துறைமுகம்
24 பிப்ரவரி 2000

தம்பிக்குச் சலாம். நீ நலமா என்றுகூடத் தெரியவில்லை. போனும் கிடைக்கவில்லை, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

இதற்குமேல் காத்திருக்க முடியாது. புல் கருகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் ஆட்டில் கறி இருக்காது, பெருநாளும் போய்விடும். நேற்று ஏற்றிவிட்டேன். எல்லாம் மேய்ப்பர்கள் என் பெயரை மட்டும் நம்பிக் கொடுத்தவை. முதிய வார்சமே தன் மந்தையில் பாதியை ஓட்டி வந்தார். "பணம் எப்பன்னு கேக்கலையே மாமா?" என்றேன். "நீ எங்க ஓடப் போற, முழங்காலை வச்சுக்கிட்டு?" என்றார்.

சான்றிதழ் நம் அமைச்சகத்தினுடையது. மருத்துவர் முத்திரை குத்தும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கப்பல் திரும்பி வந்தால் அந்தச் சந்தையில் நான் இனி உட்கார முடியாது. அதை உனக்கு மறைக்கவில்லை. உன் கையை நம்பி அனுப்பியிருக்கிறேன்.

கல்தூன்


லுமாயா
8 மார்ச் 2000

அன்புள்ள அக்காவுக்குச் சலாம். நான் நலம்.

உங்கள் ஜனவரிக் கடிதம் போன வாரம்தான் கிடைத்தது. ஜிபூத்தியிலேயே கிடந்திருக்கிறது. பதில் எழுத உட்கார்ந்தபோது பக்காரி வந்து கப்பல் வந்துவிட்டது என்றார்.

வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. இறக்குமதித் தாளில் நாட்டுப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. துறைமுகத்தில் சிறு சிக்கல். சுபைரி வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் சரியாகிவிடும். வெயில் கொஞ்சம் அதிகம். கவலை வேண்டாம்.

குலீத்


ஹர்கெய்சா
22 மார்ச் 2000

என் கண்ணான தம்பிக்குச் சலாம், சலாம், இன்னும் ஒரு சலாம்!

உன் கடிதம் வருமுன்பே பக்காரி போன் செய்துவிட்டார். பெருநாளுக்கு முந்தின நாளே ஆடுகள் கரையேறிவிட்டனவாம். கொஞ்சம் செத்துப்போயின, அது கடல் எடுத்துக்கொள்ளும் பங்கு. மற்றதெல்லாம் விற்றுத் தீர்ந்து, நம் ஆட்டின் வால் கொழுப்புக்கு அங்கே அடிதடியாம். மேய்ப்பர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டேன்.

வானொலி மூன்று வேளையும் சொல்கிறது: "சோமாலிலாந்துக் குடியரசின் சான்றிதழை லுமாயா அரசு ஏற்றது." என்னைப் பார்த்தாலே பெண்கள் குலவை இடுகிறார்கள். நம் வெளியுறவு அமைச்சரே என் கடைக்கு வந்து, "உங்க தம்பி ஒருத்தர் செய்ததை எங்க பத்துப் பேர் குழு செய்யல" என்றார். ரோப்ளே குறுக்கே விழுந்து, "துண்டு எங்க ஊர்த் துண்டுங்க" என்றார்.

மே பதினெட்டு, நம் சுதந்திர நாளில் மேடை போட்டு அறிவிக்கப் போகிறார்கள். அந்த இறக்குமதித் தாளின் நகல் வேண்டுமாம், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட. உடனே அனுப்பு. எப்படிச் சாதித்தாய்? ஒன்று விடாமல் எழுது.

உன் அக்கா


லுமாயா
15 ஏப்ரல் 2000

மரியாதைக்குரிய அக்காவுக்குச் சலாம். முழங்கால் எப்படி? எப்யானுக்கு இருமல் விட்டதா? மழை தொடங்கிவிட்டதா?

இங்கே பெருநாள் சிறப்பாக நடந்தது. கடற்கரையில் எல்லாரும் சேர்ந்து தொழுதோம். இந்த மாதம் மீன் காலம். ஒருவகைச் செந்நிற மீன் வருகிறது, அதைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து எலுமிச்சை பிழிகிறார்கள். இன்னொரு வகையைக் கருவாடாகப் போட்டு, புளிக்காயோடு அரைத்துச் சோற்றில் பிசைகிறார்கள். மீனவர்கள் விடியும்போது பாடிக்கொண்டே வலை இழுப்பது பார்க்க வேண்டிய காட்சி.

தாள் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது. நகல் கொடுக்கும் வழக்கம் இல்லையாம். மேடை எல்லாம் எதற்கு அக்கா? அமைச்சரிடம் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு முத்தம்.
குலீத்


ஹர்கெய்சா
9 மே 2000

தம்பிக்குச் சலாம்.

உனக்கு மீன் பிடிக்காது.

ஒரு பக்கம் முழுக்க மீனைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. சந்தையில் ஒருவன் ஆட்டின் கொம்பையும் காதையும் வாலையும் புகழ்ந்துகொண்டே போனால், நான் நேராக ஆட்டின் காலைத் தூக்கிப் பார்ப்பேன். அந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் எழுதப்பட்டது, யார் கை எழுதியது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லாதே.

ஆனால் மேடை ஏறி அறிவித்துவிட்டு, மறுநாள் அந்தத் தீவு தாளைத் தூக்கிக் காட்டினால் நம் நாடே சிரிப்பாய்ச் சிரித்துப் போகும். அதனால் இன்று காலை அமைச்சரிடம் போனேன். ஜிபூத்திக்காரனிடம் பழைய முத்திரை போட்ட தாள் ஒன்றை வாங்கி, கப்பல் தலைவனிடம் நான்தான் ரகசியமாகக் கொடுத்தனுப்பினேன், தம்பிக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

"நீங்களா கல்தூன்? நீங்களா?" என்றார்.

"வியாபாரிதானே அய்யா, ஆடு செத்தா யார் பொறுப்பு?" என்றேன்.

என்னை அவர் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. போகட்டும். என் பெயர் கொஞ்சம் அழுக்கானால் துவைத்துக்கொள்வேன். உன் பெயர் அழுக்கானால் அங்கே நமக்கிருக்கும் ஒற்றை அறை அலுவலகம் போய்விடும். யார் கேட்டாலும் உனக்கு ஒன்றும் தெரியாது. வாயைத் திறக்காதே.

அக்கா


லுமாயா
9 மே 2000

அக்காவுக்கு,

போன கடிதத்தை அனுப்பியதிலிருந்து தூக்கம் இல்லை. உங்களுக்குப் பொய் எழுதவில்லை, ஆனால் உண்மையையும் எழுதவில்லை.

கப்பலுக்குப் படகில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் தீர்ந்திருந்தது. ஆடுகள் வாயைத் திறந்து நின்றன, செத்தவற்றைக் கடலில் எறிந்துகொண்டிருந்தார்கள். இன்று இறக்கவில்லையென்றால் திரும்பிவிடுவேன் என்றார் கப்பல் தலைவர். சாயங்காலம் சுபைரி வந்தார். "நீங்க கைகொடுத்தீங்களே" என்றேன். "கைகொடுத்தேன், ஆமா. எல்லாருக்கும்தான் கைகொடுப்பேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. "எந்தப் பேரா இருந்தா என்ன குலீத், ஆடு கரையேறட்டும். உங்க சான்றிதழைப் பின்னால வச்சுத் தைச்சுக்கலாம்" என்றார்.

சோமாலியா என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அந்தப் பெயர் நம் பெயர் இல்லை என்று சொல்வதற்காகவே நாடு அனுப்பிய ஆள் நான்.

வெளியுறவு அமைச்சருக்கு எல்லாவற்றையும் எழுதி, இங்கிருந்து நேரே வரும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன். பதவியையும் விட்டுவிட்டேன். உங்களுக்கு இது எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்.

குலீத்


ஹர்கெய்சா
10 ஜூன் 2000

தம்பிக்குச் சலாம். எல்லாரும் நலம், சமாதானம் இருக்கிறது. மழை இந்த முறை கஞ்சத்தனம் இல்லாமல் பெய்கிறது.

சுதந்திர நாளுக்கு முன்பே அமைச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் உன் கடிதம்.

"உங்க தம்பி தான்தான் செஞ்சேன்கிறார். நீங்க நான்தான் செஞ்சேன்கிறீங்க. ஒரு கப்பலை எத்தனை பேரும்மா கவுப்பீங்க?"

"அவன் சின்னப் பையன், அய்யா. என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றான்."

"அவருக்கு நாப்பத்தாறு வயசு."

மேடை நடந்தது, கொடி ஏறியது, ஆட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. வானொலியும் மறந்துவிட்டது. உன் ராஜினாமாவை ஏற்றுவிட்டார்கள். புது ஆளை அனுப்ப வழி இல்லை, மாதக் கடைசியோடு உன் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அமைச்சர் கோபமாகச் சொல்லவில்லை. "மந்திரிக்குப் பொய் எழுதாத ஆளு, ஆனா கட்டத்துல எழுதிட்டாரே" என்று மட்டும் சொன்னார்.

உனக்கு ஒன்றை நேராகச் சொல்கிறேன். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை. என்னால்தான் எழுதினாய். நாட்டையும் என் ஆட்டையும் ஒரே கப்பலில் ஏற்றியவள் நான்.

மேய்ப்பர்களுக்கும் சொல்லிவிட்டேன். அவர்கள் ஆடு, அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு இளவட்டம், "ஆட்டுக்குத் தெரியுமா அது எந்த நாட்டு ஆடுன்னு?" என்றான். சிலர் சிரித்தார்கள். வார்சமே சிரிக்கவில்லை. "விமானம் வந்தப்ப என் மந்தையைச் சுட்டானே, அந்தப் பேர்லயா இறக்கினீங்க?" என்றார்.

போவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, "அடுத்த வருஷமும் தர்றேன். நம்ம பேர்ல எறக்கலைன்னா திரும்பி வரட்டும். மேய்க்க எங்களுக்குத் தெரியும்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

இனி கேள். அந்த அறையைக் காலி செய்யாதே. வாடகையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். தூதர் வைக்கத்தான் அந்தத் தீவுக்கு நூறு யோசனை. கடை வைக்க நகராட்சி யாருக்கும் உரிமம் கொடுக்கிறதாம், பக்காரி விசாரித்துச் சொன்னார். வாசலில் பெரிய பலகை மாட்டு. அதில் "சோமாலிலாந்து" என்று முதலில் எழுது, "கருந்தலை ஆடுகள்" என்று அப்புறம் எழுது. தினமும் அந்தத் தெருவில் போகிறவர்கள் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அமைச்சரிடம் இதைச் சொன்னபோது, "பிரதிநிதியா இருந்தவரை ஆட்டுக் கடையில உக்கார வைக்கிறீங்களா?" என்றார். "நீங்க அனுப்பினப்ப அந்த அமைச்சகத்துல அவனுக்கு உக்காரவே யாரும் இடம் தரலையே" என்றேன். சிரித்துவிட்டார்.

தரகன் என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த பெருநாளுக்குக் கப்பல் வரும். அதே கட்டத்தை உன் முன்னால் நீட்டுவார்கள். வெயில் அடிக்கும், ஆடுகள் கத்தும், நல்ல மனிதர் ஒருவர் வந்து எந்தப் பேரா இருந்தா என்ன என்பார். நம் பெயரை எழுத விடவில்லையென்றால் தண்ணீர் மட்டும் ஏற்றிக்கொண்டு கப்பலைத் திருப்பு. என்னைக் கேட்காதே, என்னை நினைக்கவும் நினைக்காதே. பெர்பெராவில் நான் நின்று இறக்கிக்கொள்வேன்.

உன் அக்கா
கல்தூன்